எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்: புரியவில்லை என்பவர்களும், அப்போதே தெரியும் என்பவர்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதற்குக் கீழே முழுக் கதையும் உடைபடும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை. 2003இல் வந்த படம், எங்கேயும் போய்விடாது.

கிம் ஜீ-வூன் இயக்கிய இந்தக் கொரியப் படத்தைப் பற்றி ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கூட்டம் "தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை" என்கிறது. இன்னொரு கூட்டம் "தங்கச்சி செத்துப்போனவள் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, இதென்ன பெரிய ட்விஸ்ட்" என்கிறது. பேய் நிஜமா, பிரமையா என்று மல்லுக்கட்டுகிறவர்கள் தனி. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தங்கை இறந்துவிட்டாள் என்பது இந்தப் படத்தின் ட்விஸ்ட்டே இல்லை. அது பாதி வழியில் வைத்த படிக்கட்டு. உண்மையான அடி கடைசிப் பத்து நிமிடங்களில், மாடி நடையில் இரண்டு பேர் நின்று பேசுகிற ஒரு சின்னப் பேச்சில் விழுகிறது. அதைத் தவறவிட்டவர்கள்தான் இரண்டு கூட்டத்திலும் அதிகம்.

கொரியாவில் இந்தப் படத்துக்குப் பெயர் "ஜாங்ஹ்வா, ஹோங்ரியோன்". அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த, ஜோசோன் என்ற பழைய அரச வம்சத்துக் காலத்து நாட்டார் கதையின் பெயர் அது. அதில் வரும் அக்கா தங்கை இருவரின் பெயர்கள்தான் அவை: ஒருத்தி ரோஜா, ஒருத்தி செந்தாமரை. தாய் இறந்தபின் தந்தை மறுமணம் செய்கிறார். வந்த சித்தி, தோலுரித்த எலியை மூத்தவளின் படுக்கையில் போட்டுவிட்டு, இவள் கருக்கலைத்துவிட்டாள் என்று பழி சுமத்துகிறாள். மூத்தவள் குளத்தில் தள்ளப்பட்டுச் சாக, இளையவளும் அதே குளத்தில் போய் விழுகிறாள். அந்த ஊருக்கு வருகிற அதிகாரிகளிடம் இரவில் பெண்களின் ஆவிகள் நியாயம் கேட்டுப் போய் நிற்க, ஒவ்வொருவராகப் பயந்தே செத்துப்போகிறார்கள். கடைசியில் தைரியமான ஒருவர் வந்து விசாரித்துச் சித்தியைத் தண்டிக்கிறார். 1924இலேயே இது ஊமைப்படமாக வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல தடவை எடுத்தார்கள்.

ஏன் இந்தக் கதையைச் சொல்கிறேன் என்றால், கொரியப் பார்வையாளர் தியேட்டருக்குள் நுழையும்போதே "சித்திதான் குற்றவாளி" என்ற தீர்ப்போடு நுழைகிறார். படுக்கையில் ரத்தம், படுக்கையில் செத்த பறவை, மௌனமாக இருக்கும் தந்தை என்று பழைய கதையின் சாமான்களை எல்லாம் இயக்குநர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைக்கிறார். நாமும் வசதியாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைத்தான் கடைசியில் கிழித்துப் போடுகிறார். பாதிதான் கிழிக்கிறார் என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

நடப்பது இதுதான். மனநல மருத்துவமனையில் ஒரு பெண்ணிடம் மருத்துவர் "அன்றைக்கு என்ன நடந்தது" என்று கேட்கிறார். பதில் வருவதில்லை. அடுத்து ஏரிக்கரை வீட்டுக்கு அக்கா சூ-மி, தங்கை சூ-யோன் இருவரும் தந்தையோடு வந்து சேர்கிறார்கள். வாசலில் சித்தி உன்-ஜூ, வாய் நிறையச் சிரிப்போடு. பிறகு சித்தி தங்கையைக் கொடுமைப்படுத்துகிறாள், அக்கா எதிர்த்து நிற்கிறாள், வீட்டில் ஏதோ நடமாடுகிறது. முடிவில் தெரிகிறது: தந்தையோடு அந்த வீட்டுக்கு வந்தவள் சூ-மி ஒருத்திதான். தங்கை இறந்து நாளாகிறது. நாம் பார்த்த சித்தியும் அவளே. தன்னையே சித்தியாக நினைத்துக்கொண்டு அவள் நடமாடியதைத்தான் நாம் இரண்டு மணி நேரம் பார்த்திருக்கிறோம்.

ஆக முடிச்சு இரண்டு. இல்லாத தங்கை இருப்பதாகத் தெரிவது ஒன்று. இருக்கும் அக்காவே சித்தியாகிவிடுவது இன்னொன்று. "அப்போதே கண்டுபிடித்துவிட்டேன்" என்று மார்தட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் முடிச்சைத்தான் சொல்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. தங்கையை அலமாரியில் பூட்டிய காட்சிக்குப் பிறகு தந்தையே பச்சையாகச் சொல்லிவிடுகிறார், "சூ-யோன் செத்துவிட்டாள்" என்று. க்ளைமாக்ஸுக்கு முன்னாலேயே, ஒளிவுமறைவே இல்லாமல். இயக்குநர் மறைக்கவே இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்வதில் என்ன பெருமை? அதை அவர் அவ்வளவு சீக்கிரம் அவிழ்த்துவிடுவதே, நாம் "ஓ, இவ்வளவுதானா" என்று அசந்திருக்கும்போது இரண்டாவதைக் கொண்டுவருவதற்காக.

இரண்டாவது முடிச்சுக்கு அவர் வைத்திருக்கும் தடயங்கள் நேர்மையானவை. திரும்பப் பார்க்கும்போது சூ-மியைப் பார்க்காதீர்கள், தந்தையை மட்டும் பாருங்கள். சூ-யோனிடம் அவர் பேசி ஒருநாளும் பதில் வாங்குவதில்லை. சித்திக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார், ஆனால் இருவருக்கும் நடுவே கணவன் மனைவி என்ற நெருக்கம் மருந்துக்கும் இல்லை. முதல் தடவை பார்க்கும்போது "என்ன மனுஷன் இவர், இவ்வளவு விட்டேத்தியாக" என்று கோபம் வரும். இரண்டாம் தடவை, நோயாளி மகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும் தகப்பன் தெரிவார். நடிகர் கிம் கப்-சூ இரண்டு பார்வைக்கும் பொருந்துகிற ஒரே முகத்தை வைத்துக்கொண்டு நடித்திருக்கிறார். சித்தியாக வரும் யோம் ஜோங்-ஆவை எல்லாரும் பாராட்டுகிறார்கள், நியாயம்தான். இவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

மாதவிலக்குக் காட்சி இன்னொன்று. இரவில் தங்கையின் படுக்கையில் ரத்தம். அக்கா பேட் எடுக்கச் சித்தியின் அறைக்குப் போகிறாள். சித்தி வியப்பாகச் சொல்கிறாள், தனக்கும் அதே நாளில்தான் வந்திருக்கிறது என்று. மூவரில் இரண்டு பேர் இல்லவே இல்லை என்று தெரிந்த பிறகு இந்த வசனத்தைக் கேட்டுப் பாருங்கள். ரத்தம் ஒரே உடம்பிலிருந்து வந்தது. வந்த முதல் நாளே சூ-மி தன் மேஜை டிராயரைத் திறந்தால், கையில் இருக்கும் அதே டைரி உள்ளேயும் இருக்கிறது. துணி அலமாரியைத் திறந்தால் ஒரே மாதிரி உடை வரிசையாகத் தொங்குகிறது. நிறையப் பேர் அதைச் சும்மா பயமுறுத்தல் என்று விட்டுவிடுகிறார்கள். அவள் ஏற்கெனவே இந்த அறைக்கு வந்து எல்லாவற்றையும் வைத்துவிட்டாள், வைத்ததுதான் நினைவில்லை என்று எடுத்துக்கொண்டால் அந்தக் காட்சி சரியாகப் பொருந்துகிறது.

எல்லாவற்றையும்விட அழகாகக் கட்டியது அந்த விருந்துக் காட்சி. சித்தியின் தம்பியும் அவன் மனைவி மி-ஹீயும் சாப்பிட வருகிறார்கள். சித்தி சின்ன வயதுக் கதைகளை அள்ளிவிட்டு, தானே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். தம்பி சிரிக்கவில்லை. அப்படி எதுவும் தனக்கு நினைவில்லை என்கிறான். அவள் விடாமல் வற்புறுத்துகிறாள். முதல் தடவை இது வெறும் சங்கடமான காட்சி, சித்தி லூசு என்பதற்கான அத்தாட்சி. மறுதடவை அந்த நாற்காலியில் பள்ளிக்கூட வயதுப் பெண்ணை உட்காரவைத்துப் பாருங்கள். அவள் "நாம் சின்ன வயதில்" என்று தன் சித்தியின் தம்பியிடமே இல்லாத கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். தம்பதிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, தந்தை தலையைத் தூக்கவில்லை. ஒரு வசனத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை, காட்சி தலைகீழாகிவிடுகிறது. ட்விஸ்ட் வைத்த படம் நல்லதா கெட்டதா என்று பார்க்க இதுதான் என் அளவுகோல்: உண்மை தெரிந்த பின் பார்த்தால் காட்சி செத்துப்போகிறதா, வேறாக உயிர்பெறுகிறதா?

அதே விருந்தில்தான் பேய்ச் சண்டையும் ஆரம்பிக்கிறது. மி-ஹீக்குத் திடீரென மூச்சடைத்து, தரையில் விழுந்து துடிக்கிறாள். திரும்பிப் போகும் காரில் கணவனிடம் சொல்கிறாள்: சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்று. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

"எல்லாமே பிரமை" என்பவர்களுக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது. சித்தி தனியாக இருக்கும் காட்சிகள் எல்லாம் உண்மையில் சூ-மி தனியாக இருக்கும் காட்சிகள். ஆகவே சித்தி சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்க்க, கை ஒன்று வந்து பிடிப்பதும் சூ-மியின் தலைக்குள் நடப்பதுதான். சித்தியும் தங்கையும் மட்டும் இருக்கும் அலமாரிக் காட்சியும் அப்படியே. "சூ-மி இல்லாத காட்சியை எப்படிக் காட்டலாம், இது மோசடி" என்ற புகாருக்கு இதுவே பதில். அவள் இல்லாத காட்சி அல்ல, அவளே இரண்டு வேஷமும் போட்ட காட்சி.

ஆனால் இந்த வாதம் இரண்டு இடத்தில் நொண்டுகிறது. காருக்குள் சூ-மி இல்லை. மி-ஹீ கண்டதை அவள் தலையில் கட்ட முடியாது. அதேபோல் கடைசியில் சூ-மி மருத்துவமனைக்குப் போய்விட்டாள், நிஜமான உன்-ஜூ வீட்டில் இருக்கிறாள், மாடியில் தங்கையின் அறையில் சத்தம் கேட்டுப் போகிறாள், அந்த அலமாரியிலிருந்து அது வெளியே வருகிறது. அதுவும் சூ-மியின் பழிவாங்கும் கற்பனை என்று சொல்லலாம்தான், ஆனால் அப்படிச் சொல்ல ஆரம்பித்தால் எந்தப் படத்தையும் யாருடைய கற்பனை என்றும் சொல்லிவிடலாம். என் வாசிப்பு: சூ-மிக்கு நோய் உண்டு, வீட்டில் பேயும் உண்டு. ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லாமல் போக வேண்டியதில்லை. உளவியல் படம் என்றால் பேய் கடைசியில் கரைந்துவிட வேண்டும் என்பது நாமாகப் போட்டுக்கொண்ட சட்டம். கொரிய நாட்டார் கதையில் ஆவி நியாயம் கேட்டு வருகிறது. இந்த ஆவியும் கேட்க வேண்டியவளிடம்தான் போய்க் கேட்கிறது.

பேயைப் பற்றிப் பேசும்போது இன்னொரு குழப்பம். இரண்டு உருவங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சூ-மியின் கனவில் கட்டில்மேல் ஏறி நிற்பது, கழுத்து ஒருபக்கம் சாய்ந்த பெண். கழுத்தை வைத்துப் பார்த்தால் அது தூக்கில் தொங்கிய அம்மா. சிங்க்குக்கு அடியிலும் அலமாரியிலும் இருப்பது சூ-யோன். இதைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இப்போது அந்தக் கடைசிப் பத்து நிமிடங்கள். உன்-ஜூ நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ். அம்மா உயிரோடு இருக்கும்போதே அவள் அந்த வீட்டின் சாப்பாட்டு மேஜையில் இடம் பிடித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு வெறுப்பு. அம்மா, தங்கையின் அறையில் இருக்கும் அலமாரிக்குள் தூக்கு மாட்டிக்கொள்கிறாள். தூங்கி எழுந்த சூ-யோன் திறந்து பார்த்து, அம்மாவைப் பிடித்து இழுக்க, அலமாரி அப்படியே அவள்மேல் சாய்கிறது. கீழே எல்லாருக்கும் சத்தம் கேட்கிறது. உன்-ஜூ மேலே போய்ப் பார்க்கிறாள். அலமாரிக்கு அடியில் கை அசைகிறது. அதிர்ந்துபோய் வெளியே வருகிறாள். சில அடி போனவள் நின்று, திரும்பி அறைக்குப் போகத்தான் பார்க்கிறாள். அப்போது எதிரே சூ-மி வருகிறாள்.

உனக்கு இந்த மாடியில் என்ன வேலை என்று சூ-மி அவளிடம் வெடுக்கென்று கேட்கிறாள். உன்-ஜூவின் முகம் மாறுகிறது. இந்த நிமிடத்துக்காக நீ வருந்துவாய் என்ற பொருளில் ஏதோ சொல்கிறாள். உன்னோடு இருப்பதைவிட மோசமாக என்ன வந்துவிடப்போகிறது என்ற தோரணையில் சூ-மி படியிறங்கி வெளியே நடந்துவிடுகிறாள். உள்ளே தங்கை இன்னும் சாகவில்லை.

ட்விஸ்ட் இதுதான். யார் கொன்றது? யாருமில்லை. யார் காப்பாற்றியிருக்கலாம்? இரண்டு பேரும். உன்-ஜூ தெரிந்தே விட்டாள், சூ-மி தெரியாமல் விட்டாள். அவள் நாக்கில் ஒரு வார்த்தை குறைந்திருந்தால் உன்-ஜூ திரும்பிப் போயிருப்பாள் என்பதைத்தான் அந்தக் காட்சி ரொம்ப நுணுக்கமாகக் காட்டுகிறது. சூ-மி ஏன் தங்கையாக மட்டும் இல்லாமல் சித்தியாகவும் மாற வேண்டும் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தங்கையை உயிரோடு வைத்துக் காப்பாற்றுவது ஒரு பாதி. காப்பாற்றத் தவறிய தன்னைச் சித்தி வேஷத்தில் தானே அடிப்பது மறுபாதி. இதைப் புரிந்துகொள்ளாமல் "இரட்டை ஆளுமை, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிற விமர்சனங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

புரியவில்லை என்பவர்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. குழப்பத்துக்குப் படமும் பொறுப்பு. கனவு, பிரமை, நிகழ்காலம், ஃப்ளாஷ்பேக் நான்குக்கும் ஒரே வண்ணம், ஒரே வீடு, ஒரே பூப்போட்ட சுவர்க்காகிதம். "சில மாதங்களுக்கு முன்" என்று எழுத்துப் போடுகிற வழக்கமே இல்லை. கடைசி ஃப்ளாஷ்பேக், உன்-ஜூவைப் பேய் தாக்கிய காட்சிக்குப் பின்னாலேயே வருவதால், "இவள் செத்தாளே, மறுபடி எப்படி" என்று திகைக்கிறவர்கள் உண்டு. வரிசைப்படுத்திக்கொள்ள வழி சுலபம். அம்மா உயிரோடு இருக்கும் காட்சியெல்லாம் விபத்து நடந்த அந்த ஒரே நாள். மருத்துவமனை முதல் காட்சி கதையின் கடைசிக்குப் பக்கத்தில் வருவது, முன்னுரை அல்ல என்று எடுத்துக்கொண்டால் மீதி தானாக அடுக்கிக்கொள்ளும். தலை ஒழுங்காக வாரி, அடக்கமாக உடுத்தி, நிதானமாகப் பேசுகிற உன்-ஜூ வந்தால் அவள் நிஜம். கண்ணை உருட்டி, தேவைக்கு மேல் சிரித்தால் அது சூ-மி.

பார்க்கிற விதமும் முக்கியம். பகல் வெளிச்சத்தில் மொபைலில் பார்த்துவிட்டு "பேயே தெரியவில்லை" என்றால் என்ன செய்ய? லீ மோ-கேயின் ஒளிப்பதிவு பாதி இருட்டிலேயே நடக்கிறது. டிவியின் பிரைட்னஸைக் குறைத்து வைத்திருந்தால் சிங்க்குக்கு அடியில் ஒன்றும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள். மாடியில் மரப்பலகை நெரியும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே பாதி பயம். சப்டைட்டில் இரண்டு நொடி தப்பினாலும் விருந்துக் காட்சி கெட்டுவிடும், யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் அது நிற்கிறது. முதல் பத்து நிமிடத்தில் சரிபார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். முதல் தடவை நடுவில் நிறுத்திக் கூகுள் செய்ய வேண்டாம். ஒரு வாரத்துக்குள் மறுபடி பாருங்கள், தள்ளிப்போட்டால் டைரி, மாத்திரை போன்ற சின்ன விஷயங்கள் மறந்துவிடும்.

மெதுவாகப் போகிறது என்ற புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. முதல் அரைமணி நேரத்தில் நடக்கிறவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ரத்தம் வடியும் மூட்டையை இழுத்துக்கொண்டு போகும் பகுதியும் தேவைக்கு மேல் நீளம், அதற்குள் ஒரு பொம்மைதான் இருந்தது என்று தெரியும்போது இவ்வளவு கத்திரிக்கோல் சண்டை எதற்கு என்று தோன்றத்தான் செய்கிறது. லீ பியோங்-வூவின் இசை சில இடத்தில் பயத்துக்குப் பதில் துக்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறது, பேய்ப்படம் என்று நம்பி வந்தவர்களுக்கு அது ஏமாற்றம். எனக்கு அதுவே பிடித்தது.

2009இல் ஹாலிவுட்டில் தி அன்இன்வைட்டட் என்று மறுபடி எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே தெரிந்த முடிவு இங்கே செல்லாது. அங்கே தங்கைதான் நாயகி, இல்லாதவள் அக்கா. சித்தி இடத்தில் இருக்கும் பெண் நிஜமானவள், குற்றமற்றவளும்கூட. நாயகியால்தான் விபத்து நடந்தது. விறுவிறுப்பாக ஓடும், எல்லாம் தெளிவாகப் புரியும். ஆனால் செய்த குற்றத்தை மறப்பதும், செய்யாமல் விட்டதை மறக்க முடியாமல் தவிப்பதும் ஒன்றல்ல. முதல் வகைக்குப் போலீஸ் இருக்கிறது. இரண்டாவதற்கு யாரிடம் போவது?

இவ்வளவு வக்காலத்து வாங்கிய பிறகும் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தத் தந்தை எதற்காக மகளை அதே வீட்டுக்கு, அதே அலமாரி நிற்கும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்? மாத்திரையை எண்ணிக் கொடுக்கத் தெரிந்தவருக்கு அந்த அலமாரியை விறகாக்கத் தெரியவில்லையா? பிரமை, கனவு என்று எந்தச் சாக்கும் இந்த ஓட்டையை அடைக்காது, ஏனென்றால் நிஜத்தில் நடக்கிற ஒரே விஷயம் அதுதான். பழைய நாட்டார் கதையிலும் தகப்பன் எல்லாவற்றையும் நம்பிவிட்டு ஒன்றும் செய்யாமல் நிற்கிறவர்தான். இயக்குநர் அதை அப்படியே எடுத்துக்கொண்டாரா, இல்லை எழுதும்போது கவனிக்கவில்லையா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கவனிக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.